ஐந்து தவணை உயிரோடு

எல்லைச் சண்டை தொடங்கி அது இரண்டாவது குளிர்காலம். தங்கை கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்த படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. கடைசிக் கோடு மட்டும் காலி. இருபத்தொரு வயது நிறையாதவர்கள் படையில் சேர்வதென்றால் வீட்டில் மூத்தவர் ஒருவர் அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு இருபது வயதும் ஏழு மாதமும். அப்பா இல்லை. அம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எழுந்து போய், ஏற்கனவே தேய்த்து மடித்து வைத்திருந்த துணிகளை உதறி மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். மிச்சம் இருந்தது அண்ணன் மட்டும்தான்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவன். அடுத்தவர் கண்ணுக்குக் கால் மில்லிமீட்டர் பிசகாமல் கண்ணாடி தேய்த்துக் கொடுக்கிறவன், வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்காமல் விட்டிருந்தான். தங்கை ஒரு சலவை நிறுவனத்தில் வேன் ஓட்டினாள். ஆஸ்பத்திரிகளுக்கு வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அழுக்கு மூட்டைகளை ஏற்றி வரும் வேலை. பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி படைவீரர்களுக்கானது. அங்கிருந்து வரும் மூட்டைகளுக்குச் சிவப்பு நாடா கட்டியிருக்கும், தனியாகத் துவைக்க வேண்டும் என்று அர்த்தம். போன வருடம் வாரத்துக்கு இரண்டு சிவப்பு நாடா. இப்போது வேனில் சிவப்பு நாடாவைத் தவிர வேறொன்றுக்கும் இடமிருப்பதில்லை. இதை அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். அவன் உம் கொட்டிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறான்.

"போர்முனையில ஆம்புலன்ஸ் ஓட்ட ஆள் பத்தலையாம்ணா. துணி மூட்டைய ஏத்திட்டு வர்றவ, ஆளை ஏத்திட்டு வரக் கூடாதா?"

"துணி மேல யாரும் குண்டு போட மாட்டாங்க குட்டி."

"ஆமா. குண்டு போட்டு முடிச்சப்புறம்தான் துணி என்கிட்ட வருது."

தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அம்மா அவனைப் பார்த்துச் சொன்னாள், மகளைப் பார்க்கவில்லை. "நீ மட்டும் அதுல கையெழுத்துப் போட்டேன்னு வை. அப்புறம் எனக்குப் பிள்ளைங்களே இல்ல. ரெண்டுமே இல்ல."

"நான் போடலம்மா" என்றான்.

"அஞ்சு மாசம் கழிச்சு எனக்கே இருபத்தொண்ணு" என்றாள் தங்கை. "அப்பப் போவேன். ஆனா உன்கூடப் பேச மாட்டேன். லெட்டர் போட மாட்டேன். போனேனா, இருக்கேனா, ஒண்ணும் உனக்குத் தெரியாது."

சொன்னதைச் செய்கிறவள் அவள். எட்டு வயதில் ஒரு பென்சில் பெட்டிக்காக அவனோடு பதினோரு வாரம் பேசாமல் இருந்தவள்.

படிவத்தை மடித்துக்கொண்டே அவள்தான் அதை ஆரம்பித்தாள். பாதி கிண்டல், பாதி நிஜம். "ஞாயித்துக்கிழமையானா கடைக்குப் பின்னாடி பட்டாளம் நடத்துறியே, அதுல ஒரு ஆள் போடுறேன். மீட்புப் பிரிவு. அஞ்சு தவணையும் முடிச்சு என் ஆள் உயிரோட வெளிய வந்தா நீ கையெழுத்துப் போடணும். வரலேன்னா அஞ்சு மாசம் கழிச்சும் போக மாட்டேன். இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"ஒரே ஒரு ஆளா?"

"எத்தனை ஆள் முடியுதோ அத்தனை. வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள."

அவன் சரி என்றான். அவ்வளவு வேகமாகச் சரி சொன்னதில் அவளுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அல்லது வந்ததை அவள் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் நகர முடியாது. ஆறு வருடமாக அவனும் இரண்டு நண்பர்களும் விளையாடுகிற ஆட்டம் அது. விதிகளையெல்லாம் அவர்களே எழுதி, எட்டு நோட்டுப் புத்தகங்களில் நிரப்பி வைத்திருந்தார்கள். முன்னூறு வருடம் கழித்து, வளையம் சூழ்ந்த ஒரு பெரிய கோளைச் சுற்றி, நிலவுக்கு நிலவு நடக்கும் யுத்தம். ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு படைவீரரைப் படைத்து அவராகவே பேச வேண்டும், முடிவெடுக்க வேண்டும். அவன் நடுவர். கதையை நடத்துவதும், எதிரியாகவும் விதியாகவும் இருப்பதும் அவன் பொறுப்பு.

வீரரைப் படைப்பதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் "ஆள் போடுறது". இஷ்டப்படி ஒருவரைக் கற்பனை செய்து எழுதிவிட முடியாது. அவருடைய கடந்த காலத்தைப் பகடை சொல்ல வேண்டும். நான்கு வருடம் ஒரு தவணை. ஒவ்வொரு தவணையிலும் என்ன நடந்தது, யாரைச் சந்தித்தார், எங்கே காயம்பட்டார் என்று உருட்டி உருட்டி எழுதிக்கொண்டு போவார்கள். தவணை முடிவில் உயிர் உருட்டு. இரண்டு பகடையின் கூட்டுத்தொகை அந்த ஆளின் பிரிவுக்கு வைத்த எண்ணைவிடக் குறைந்தால் ஆள் காலி. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, இன்னும் பிறந்தே முடியாத ஒருவர் செத்துப்போவார். புதிதாகக் கேட்பவர்களுக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் அந்த ஐந்து தவணைகளைத் தாண்டி வந்த ஒருவரின் தாளைக் கையில் வாங்கும்போது, யாரோ ஒரு நிஜ மனிதர் மழையில் நனைந்து வந்து கதவைத் தட்டியதுபோல இருக்கும். அதற்காகத்தான் அந்த விதி.

இன்னும் இரண்டு வழக்கங்கள் இருந்தன. உயிர் உருட்டை நடுவர்தான் உருட்டுவார், ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட யாரும் கேட்டதில்லை. ஆள் செத்தால், வீட்டுக்குப் போகும் கடிதத்தை நடுவர் அங்கேயே எழுத வேண்டும். செத்த ஆளுக்கு உரியவர் அதை உரக்கப் படிக்க வேண்டும்.

அட்டைக்குப் பின்னால் என்ன விழுந்தாலும் வாயில் வருவது அவன் கையில். பந்தயம் பேசிய அந்த வியாழக்கிழமையே அவன் மனதில் ஞாயிறு ஆறு மணியாகி, அவன் ஜெயித்தும்விட்டான்.

*

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் தங்கை கடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு வந்தாள். பாதி அறையை அறுக்கும் இயந்திரம் அடைத்திருந்தது. எதைத் தொட்டாலும் மாவு மாதிரி கண்ணாடித் தூள் ஒட்டியது. சுவரில் பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகை, பெரிய எழுத்தில் தொடங்கி எறும்பாகக் குறுகிக்கொண்டு போவது. மேசையில் மற்ற இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன், எல்லோரும் கொரியர் என்றே கூப்பிடுவார்கள். இன்னொருத்தி பல் டாக்டரிடம் உதவியாளர், நாற்பதை நெருங்குகிறவள். அவள் பல்லக்கா.

"வாம்மா வா" என்றான் கொரியர். "உங்கண்ணன் ஆறு வருஷத்துல என்னோட பதினேழு பேரைக் கொன்னுருக்கான். கருமாதி செலவே தாங்கல."

"உன் ஆளுங்க எல்லாம் வாயாலதான் செத்தாங்க" என்றாள் பல்லக்கா. "கேப்டனைப் போய் 'யோவ்'னு கூப்பிட்டா சுடாம கொஞ்சுவாங்களா?"

தங்கை சிரித்தாள். தாளின் மேலே பெயர் எழுதும் இடத்தில் "வேன்காரி" என்று எழுதினாள். உடல்வலு, கைத்திறன், நிதானம், புத்தி எல்லாவற்றுக்கும் உருட்டினாள். நிதானத்துக்குப் பன்னிரண்டு விழுந்தது. கொரியர் விசில் அடித்தான்.

"எந்தப் பிரிவு?" என்றான் அண்ணன். "கிடங்குப் பிரிவு இருக்கு. கணக்கு எழுதுற பிரிவு இருக்கு. உயிர் உருட்டுல நாலு விழுந்தாலே போதும்."

"மீட்புக் கப்பல்."

"அதுக்கு ஆறு வேணும். எல்லாத்தையும்விட மோசமானது அதுதான். தவணை அஞ்சையும் தாண்டுறவங்க அஞ்சுல ஒருத்தர்கூட இல்ல."

"தெரியும். மீட்புக் கப்பல்."

அவன் அட்டைக்குப் பின்னால் உருட்டினான். ஐந்தும் மூன்றும். எட்டு.

"நாலு" என்றான்.

முதல் தவணையிலேயே போவது எல்லாருக்கும் நடக்கிறதுதான், ஆனாலும் புது ஆளுக்கு நடந்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். கண்பரிசோதனைச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு, அவன் நிதானமாக எழுதினான். அவனுக்கு இந்த நடை கைவந்தது. தங்கை வாங்கிப் படித்தாள்.

"மதிப்பிற்குரிய அம்மையாருக்கு. தங்கள் மகள் மூன்றாம் நிலவின் சுற்றுப்பாதையில் காயம்பட்டோரை ஏற்றிவரும் பணியின்போது உயிர்நீத்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். அவர் வலியேதும் உணரவில்லை. அவருடைய காலணிகளும் கைக்கடிகாரமும் தனியே அனுப்பப்படும்."

"மகள்" என்ற இடத்தில் அவள் குரல் லேசாகத் தடுக்கியது. காலணி என்ற இடத்தில் நின்றேவிட்டது. அவன் கவனித்தான். இன்னும் ஒரு சாவு, மிஞ்சிப்போனால் இரண்டு, அவளே விட்டுவிடுவாள் என்று நினைத்துக்கொண்டான். அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நல்ல செய்தியை மனதுக்குள் வாக்கியமாக அமைக்கவும் தொடங்கிவிட்டான்.

தங்கை தண்ணீர் குடித்தாள். "இன்னொரு தாள் குடு."

இரண்டாவது வேன்காரியை முதல் தவணை தாண்டவிட்டான், நம்பும்படி இருக்கட்டும் என்று. இரண்டாவதில் ஏழு விழுந்தது. ஐந்து என்றான். இந்தத் தடவை கடிதத்தை அண்ணனுக்கே எழுதினான். 'தங்கள் தங்கையின் உடைமைகள்: கையுறை ஒரு ஜோடி, சீப்பு ஒன்று, பாதி எழுதிய கடிதம் ஒன்று.' அவள் தடுக்காமல் படித்து முடித்தாள். முடித்ததும் கேட்டாள்.

"அந்தக் கப்பலை ஏன் தனியா அனுப்புனாங்க? கூட ஒரு காவல் கப்பல் போகக் கூடாதா?"

"போகலாம். கேட்டு வாங்கணும்."

"யார்கிட்ட கேக்கணும்?"

சொன்னான். அவள் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

மூன்றாவது ஆளுக்கு அவன் முழு மூச்சாக இறங்கிவிட்டான். கப்பலின் உள்ளே தீ, பூட்டிக்கொண்ட கதவு, காற்று தீர்ந்துகொண்டே வருவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது. கடிதத்தில் 'உடல் கிடைக்கவில்லை' என்றும் எழுதினான். தங்கை ஒரே மூச்சில் படித்தாள். பிறகு மூன்று கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"மூணுலயும் 'வலியேதும் உணரவில்லை'ன்னு எழுதியிருக்கே."

"அப்படித்தான் எழுதுவாங்க."

"வார்டுல அப்படி ஒருத்தரும் இல்லண்ணா. விரிப்பைப் பாத்தாலே தெரியும். பொறுக்க முடியாம கசக்கிப் பிடிச்ச இடத்துல விரல் அஞ்சும் பதிஞ்சிருக்கும். துவைச்சாலும் அந்தச் சுருக்கம் போறதில்ல." அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே. "அடுத்த லெட்டர்ல மாத்திப் போடு. நல்லா எழுதுறவன்தானே நீ."

நான்காவது சாவை அவள் பிஸ்கட் கடித்துக்கொண்டே படித்தாள். எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை மூட்டை என்று காலையில் சீட்டு வாசிப்பாளே, அதே குரல். படிக்கும்போதே இடது கை அடுத்த ஆளுக்குப் பகடையைத் தேடியது.

பல்லக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "டீ போடணும். நடுவரய்யா, வந்து கெட்டிலைப் பிடிங்க."

*

பின்பக்க முற்றம் இரண்டு ஆள் நிற்கும் அளவுதான். உடைந்த ஃபிரேம் நிறைந்த அட்டைப்பெட்டிகள், ஒரு குழாய், மேலே துணித்துண்டு போல் சாம்பல் நிற வானம். கெட்டிலை யாரும் தொடவில்லை.

"நாலுமே பொய்தானே?" என்றாள் பல்லக்கா.

அவன் குழாயைத் திறந்து கையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைக் கழுவினான்.

"நானும் ஆறு வருஷமா உன் மூஞ்சியைப் பாக்குறேன்டா. உனக்குப் பொய் சொல்ல வராது. பகடையை ஒழுங்காப் பாக்கக்கூட இல்ல நீ. விழுறதுக்குள்ள நம்பர் சொல்றே."

"அவ போகக் கூடாதுக்கா."

"அதுக்கு இப்படியா? முதல் லெட்டர் படிக்கும்போது அவளுக்குக் குரல் நின்னுபோச்சு. நாலாவதுக்குப் பிஸ்கட் சாப்பிடுறா. என்ன பண்ணிட்டு இருக்கேன்னு புரியுதா உனக்கு? எங்க கிளினிக்ல பயந்த குழந்தைங்களுக்கு ஊசியைக் காட்டிக் காட்டிப் பழக்குவோம். நாலு தடவை வெறுமனே காட்டுனா அஞ்சாவது தடவை வாயைத் தொறந்துடும். நீ அவளுக்குப் பயத்தைக் குடுக்கல. இருந்த பயத்தைப் பிடுங்கிட்டு இருக்கே."

அவனுக்கு அது உறைத்தது.

"இனிமே நிஜமா உருட்டு" என்றாள் பல்லக்கா. "நீயே சொன்னியே, அஞ்சுல ஒருத்தர் கூடத் தாண்ட மாட்டாங்கன்னு. அப்புறம் எதுக்குப் பொய்? பகடை அவளைத் தடுக்கட்டும். நீ தடுத்தா ஒருநாள் தெரிஞ்சுப்பா, பகடை தடுத்தா யார்மேலயும் கோவப்பட முடியாது."

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மணி ஐந்து. இன்னும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் நேரம் இருந்தது. ஐந்தில் நான்கு பங்கு அவன் பக்கம். லென்ஸ் அறுக்கும்போதுகூட இதைவிட மோசமான நிகழ்தகவில் அவன் கை வைத்திருக்கிறான்.

*

ஐந்தாவது வேன்காரிக்கு அவன் அட்டைக்குப் பின்னால் நேர்மையாக உருட்டினான். ஒன்பது. ஒன்பது என்றான்.

முதல் தவணையில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள், காது கேளாத எஞ்சின்காரி. பகடைதான் கொடுத்தது. காதுகேளாமை மட்டும் அவன் சேர்த்தது. "எஞ்சின் சத்தத்தை அவ கையால கேப்பா. இரும்புமேல உள்ளங்கையை வச்சு." தங்கை தாளில் எழுதிக்கொண்டாள். இரண்டாவது தவணையில் ஏழு. பதவி உயர்வு, அதே வருடம் மேலதிகாரியை எதிர்த்துப் பேசிப் பதவி இறக்கம். கொரியர் மேசையைத் தட்டிக் குதூகலித்தான். "என் ரத்தம்!"

"காவல் கப்பல் கேட்டுத்தான் எதிர்த்துப் பேசுனேன்" என்றாள் தங்கை. "அப்படி எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோ."

மூன்றாவதில் எட்டு. இடது கையில் இரண்டு விரல்கள் போயின. மூடிக்கொண்டிருந்த கதவில் கையைக் கொடுத்துப் பதினாறு பேரை வெளியே இழுத்ததில். அதைச் சொல்லும்போது அவன் எழுந்து நின்றிருந்தான். எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. பதினாறு பேரில் ஒருவன் வழி முழுக்கப் பாடிக்கொண்டு வந்தான் என்றும், அந்தப் பாட்டில் அவனுக்கு இரண்டு வரிக்கு மேல் தெரியாது என்றும் சொன்னான். பல்லக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தங்கையின் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியிருந்தது. தாளில் எழுத்து நெருங்கி நெருங்கி ஓரம்வரை போய்விட்டது. அந்த வேன்காரியை அவன் பார்த்தான். முப்பது வயதைத் தாண்டியவள், மூன்று விரல் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவள், கண்ணோரம் சுருக்கம் விழுந்தவள். இத்தனை வருடத்தில் அவன் கண்டதிலேயே முழுமையான ஆள்.

"நாலாவது தவணை" என்றான்.

உருட்டினான். ஒரு பகடை உடனே நின்றது. இன்னொன்று அட்டையில் மோதி, சுழன்று, நின்றது. இரண்டிலும் ஒற்றைப் புள்ளி.

இரண்டு. இதைவிடக் குறைவாக விழ வழியே இல்லை.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வேண்டியது இதுதான். இதற்காகத்தான் வியாழக்கிழமையிலிருந்து காத்திருந்தான். "ரெண்டு" என்று ஒரு சொல் சொன்னால் போதும், பொய்கூட இல்லை. தங்கை வேனிலேயே இருப்பாள், அம்மா தேய்த்த துணியை மறுபடி தேய்க்க மாட்டாள். நான்கு முறை பொய்யாய்ச் சொன்னபோது வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்த சொல் இப்போது வெளியே வர மறுத்தது. கண்பரிசோதனைச் சீட்டைத் திருப்பி, மேலே தேதி போட்டு, 'தங்கள் தங்கை' என்று எழுத வேண்டும். அதை அவள் படிக்க வேண்டும். கை சீட்டின் பக்கம் போகவே இல்லை.

"என்னண்ணா?"

"எட்டு" என்றான். "எட்டு. பொழைச்சுட்டே."

கொரியர் கைதட்டினான். தங்கை மூச்சை விட்டாள்.

ஐந்தாவது தவணைக்கு அவன் பகடையைக் கவிழ்த்து, முன்போலவே குனிந்தான், ஆனால் அட்டைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டான். நிமிர்ந்து, சுவரிலிருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே "ஒம்பது" என்றான்.

மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. தங்கை தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். அவனைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடித் தூள் அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. பல்லக்கா தன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பகடைதான் சொன்னது என்று அவளும் நம்பிவிட்டாள். "இப்படி ஆகும்னு நான் நினைக்கலடா" என்று போகும்போது தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனாள்.

*

திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. முன்பு அது தபால் நிலையமாக இருந்த கட்டடம். சுவரில் பழைய பெட்டிகளைப் பிடுங்கிய இடமெல்லாம் வெளிறிய சதுரங்கள். வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்கள், பக்கத்தில் ஒரு அப்பாவோ மாமாவோ, கைபேசியைத் தடவிக்கொண்டு.

அம்மாவிடம் அவன் சொல்லவில்லை. கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். நேற்று இரவு அவன் சாப்பிடாததைப் பார்த்தே அம்மாவுக்குப் புரிந்திருக்கும். விடியற்காலை எழுந்தபோது இரண்டு பேருடைய சட்டையும் தேய்த்து நாற்காலியில் தொங்கியது. அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

நாலாவது தவணையில் விழுந்தது இரண்டுதான் என்று அவளிடம் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். பஸ்ஸில் நினைத்தான், சிக்னலில் நினைத்தான். வெறும் பிளாஸ்டிக் கட்டை, அதில் என்ன இருக்கிறது என்றும் நினைத்தான். அப்படியானால் அந்த "ரெண்டு" ஏன் நேற்று வாயில் வரவில்லை?

வரிசை மூன்று ஆள் நகர்ந்தது. தங்கை அவன் பக்கம் திரும்பினாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"முதல் நாலு பேரையும் நீ வேணும்னேதான் கொன்னே. எனக்கு ரெண்டாவதுலயே தெரிஞ்சுபோச்சு."

"எப்படி?" என்றான்.

"பகடையப் பாக்காமலேயே நம்பர் சொன்னே. நான் என்ன சின்னப் பிள்ளையா? எழுந்து போயிடலாம்னுகூட நினைச்சேன். அப்புறம் டீ போடப் போயிட்டு வந்தே பாரு, அதுலேர்ந்து மூஞ்சியே மாறிடுச்சு. குனிஞ்சு பாத்துப் பாத்துச் சொன்னே. அதுவும் அந்த நாலாவது தவணை." அவள் குரல் இறங்கியது. "எவ்வளவு நேரம் பாத்தே தெரியுமா? உனக்குச் சொல்ல மனசே இல்ல. நான் பொழைக்கக் கூடாதுன்னு நீ அவ்வளவு ஆசைப்பட்டும், விழுந்ததை மாத்தாம சொன்னே. அங்கதான்ணா எனக்குத் தைரியம் வந்துச்சு. ராத்திரியெல்லாம் நடுங்கிட்டுதான் இருந்தேன், நிஜமாச் சொல்றேன். வேணாம்னு சொல்லிடலாம்னு ரெண்டு தடவை எழுந்து உன் ரூம் வரைக்கும் வந்தேன். அப்புறம் அந்த எட்டை நினைச்சுக்கிட்டேன்."

முன்னால் நின்ற பையனைக் கூப்பிட்டார்கள். அவனோடு வந்தவர் தோளில் கை வைத்துத் தள்ளினார்.

"அது நிஜமா விழுந்ததுதானே?" என்றாள்.

அவள் கன்னத்தில், காதுக்குப் பக்கத்தில், நேற்றைய கண்ணாடித் தூள் ஒரு துளி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. இப்போது சொன்னால் அவள் நின்றுவிடுவாள். நின்றுவிடுவாளா? இல்லை, நடுக்கத்தோடேயே ஐந்து மாதம் கழித்து, இவனிடம் சொல்லாமல் போய்விடுவாளா? நடுங்குகிற கையோடு ஸ்டியரிங்கைப் பிடிப்பதும், நடுங்காத கையோடு பிடிப்பதும் அவன் கண் முன்னால் மாறி மாறி வந்தன.

"ஆமா" என்றான். "எட்டுதான்."

அவள் தலையாட்டினாள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா அவர்களைக் கூப்பிட்டார். படிவத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் ஓட்டிப் பார்த்து, கடைசிக் கோட்டில் வந்து நின்றார்.

"கூட வந்திருக்கிறது யாரு?"

"அண்ணன்."

"இங்க போடுங்க சார். நல்லா அழுத்திப் போடுங்க, அடியில இன்னும் மூணு காப்பி இருக்கு."

அவன் பேனாவை வாங்கி, நான்கு தாளிலும் விழும்படி அழுத்திப் போட்டான்.